நீரிழிவும் உடலின் காவல் நொதியங்களும்: படுவான்கரையிலிருந்து ஒரு மீள்பார்வை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் பகுதியில், போரதீவுப்பற்றில் இருக்கிறது பழுகாமம். திரௌபதை அம்மன் கோயிலும் ஊரைச் சுற்றிய வயல்வெளியும் இதன் அடையாளம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் எழுவான்கரை எனப்படும் கிழக்குக் கரை. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை அங்கேதான். படுவான்கரையின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் வாழ்க்கை வேளாண்மையோடும் வாவியோடும் பிணைந்தது. வெயிலில் நின்று உழைத்த இந்தச் சமூகத்துக்குச் சீனி வருத்தம் எனப்படும் நீரிழிவு ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் நோயாகவே தெரிந்தது. இன்று கிளினிக் கொப்பி இல்லாத வீடு எங்கள் பகுதியில் அரிதாகி வருகிறது.

நோய் பரவப் பரவ, அதற்கான மருந்துப் பேச்சும் பரவுகிறது. தேயிலைப் பக்கற்றிலும் மாக் கலவைப் பேணியிலும் விற்றமின் போத்தலிலும் ‘ஒட்சியேற்ற எதிரி’ என்ற சொல் பெரிய எழுத்தில் நிற்கிறது. நீரிழிவுக்கும், தாக்குந்திறன் மிக்க ஒட்சிசன் மூலிகங்கள் கலத்தில் மிகும் நிலையான ஒட்சியேற்ற அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பது பொய்யல்ல. அந்தத் தொடர்பைக் காட்டி விற்கப்படும் பொருள்கள் நோயைத் தடுக்கும் என்பதுதான் ஆராய வேண்டிய கூற்று. நம் கலங்களுக்குள் இருக்கும் ஒட்சியேற்ற எதிரி நொதியங்கள் நீரிழிவிலிருந்து நம்மை எந்த அளவுக்குக் காக்கின்றன? அவற்றை வெளியிலிருந்து வலுப்படுத்த முடியுமா? அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வுகள் இவ்விரு கேள்விகளுக்கும் தரும் விடைகளைத் தொகுத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் அளவு

இலங்கையின் முதலாவது தேசிய நீரிழிவுக் கணக்கெடுப்பு 2005–2006 காலத்தில் நடந்தது. பிரசாத் கட்டுலந்தவும் குழுவினரும் 2008இல் வெளியிட்ட அதன் முடிவுப்படி, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.7 வீதம். நோயுள்ளவர்களில் மூன்றிலொரு பங்கிற்கும் அதிகமானோர் அது தமக்கு இருப்பதை அறியாதிருந்தனர். ஆனால், அந்தக் கணக்கெடுப்பு ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நாட்டின் நீரிழிவு வரைபடம் முதன்முதலில் வரையப்பட்டபோது பழுகாமமும் மட்டக்களப்பு முழுவதும் அதில் இல்லை.

பின்னர் 2018–2019இல் நடத்தப்பட்ட இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வளர்ந்தோரில் 23 வீதத்தினருக்கு நீரிழிவு. இன்னும் 30 வீதத்தினர் அதன் வாசலில். இரு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல என்பதால் எண்களை நேருக்கு நேர் கழித்துப் பார்ப்பது சரியாகாது. ஆயினும் நாட்டில் வளர்ந்தோரில் பாதிப்பேருக்கு இரத்தச் சீனி வழமைக்கு மேல் நிற்கிறது என்ற செய்தியை மறுக்க இடமில்லை. ‘எதைக் குடித்தால் குறையும்’ என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுவதும், அதற்கு விஞ்ஞானத்தின் பெயரால் பொய்யான விடைகள் விற்கப்படுவதும் இந்தச் சூழலில்தான்.

நொதியங்கள் செய்யும் வேலை

உணவிலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்கும் வேலை கலத்தின் இழைமணிகளில் நடக்கிறது. இலத்திரன்கள் படிப்படியாகக் கைமாறி, கடைசியில் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றன. வழியில் சில இலத்திரன்கள் தப்பி, ஒட்சிசனோடு நேரே ஒட்டிக்கொள்ளும்போது சுப்பரொட்சைட்டு என்ற தாக்குந்திறன் மிக்க மூலிகம் உருவாகிறது. மூச்சு விடும் எந்த உயிரும் இதைத் தவிர்க்க முடியாது.

சுப்பரொட்சைட்டை அடக்கும் நொதியத்தை 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மக்கோர்டும் இர்வின் பிரிடோவிச்சும் இனங்கண்டனர். சுப்பரொட்சைட்டு டிஸ்மியூற்றேசு எனப்படும் அது மனித உடலில் மூன்று வடிவங்களில் உள்ளது. கலத்தின் குழியவுருவில் உள்ளதும் கலத்துக்கு வெளியே உள்ளதும் செப்பையும் நாகத்தையும் கொண்டவை. இழைமணியில் உள்ளது மங்கனீசைக் கொண்டது. இவை சுப்பரொட்சைட்டை ஐதரசன் பரவொட்சைட்டாக மாற்றுகின்றன. ஆபத்து குறைகிறது, நீங்கிவிடுவதில்லை. பரவொட்சைட்டு இரும்பு அயனைச் சந்தித்தால் அதனிலும் கொடிய ஐதரொட்சில் மூலிகம் பிறக்கும்.

ஆகவே இரண்டாம் கட்டக் காவல் தேவைப்படுகிறது. இரும்பைத் தாங்கிய கற்றலேசு, பரவொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கிறது. புண்ணைக் கழுவப் பரவொட்சைட்டை ஊற்றும்போது நுரை பொங்குவது இந்த நொதியத்தின் வேலையே. அதே பரவொட்சைட்டைக் குளூட்டாதையோன் பரவொட்சிடேசு என்ற நொதியம், குளூட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறைச் செலவழித்து நீராக்குகிறது. 1957இல் கண்டறியப்பட்ட இந்த நொதியத்துக்குச் செலெனியம் இன்றியமையாதது என்பது 1973இல் நிறுவப்பட்டது. பரவொட்சிரெடொக்சின், தயோரெடொக்சின் என்ற புரதங்களும் இந்தப் பணியில் பங்கெடுக்கின்றன.

செலவான குளூட்டாதையோனை மீட்டெடுக்கக் குளூட்டாதையோன் ரிடக்ரேசு வேண்டும். அது இயங்க றைபோபிளேவின் விற்றமினும், குளுக்கோசு-6-பொசுபேற்று டிஐதரசனேசு என்ற மற்றொரு நொதியம் வழங்கும் தாழ்த்து சக்தியும் வேண்டும். ஒரு நொதியம் மட்டும் பெருகி மற்றவை பின்தங்கினால் இந்தத் தொடர் அறுந்துபோகும். கீழே வரும் முரண்பட்ட முடிவுகள் பலவற்றுக்கு இதுவே திறவுகோல்.

பீற்றா கலத்தின் பலவீனம்

இன்சுலினைச் சுரப்பவை சதையியில் சிறுதீவுகளாகக் கூடியிருக்கும் பீற்றா கலங்கள். அலொக்சன் என்ற இரசாயனம் விலங்குகளில் இந்தக் கலங்களை மட்டும் தேடி அழித்து நீரிழிவை உண்டாக்குவது 1943இல் கண்டறியப்பட்டது. அது கலத்துக்குள் புகுந்து சுப்பரொட்சைட்டையும் பரவொட்சைட்டையும் பெருக்கித்தான் அழிவைச் செய்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. அதே தாக்குதலை ஈரல் தாங்கும்போது பீற்றா கலம் ஏன் மடிகிறது?

1981இல் சுவீடன் ஆய்வாளர்களும், 1996இல் ஜேர்மனியின் சிகுர்ட் லென்சன் குழுவினரும் சுண்டெலிகளில் விடை தேடினர். ஈரலோடும் சிறுநீரகத்தோடும் ஒப்பிட்டபோது சிறுதீவுகளில் டிஸ்மியூற்றேசு குறைவாக இருந்தது. குளூட்டாதையோன் பரவொட்சிடேசும் கற்றலேசும் மிகமிகக் குறைவு. ஈரல் நச்சுகளை எதிர்கொள்ளவே அமைந்த உறுப்பு. சிறுதீவுக்கு அந்த ஆயத்தம் இல்லை.

இந்தக் குறைபாடு இயற்கையின் தவறா? 2007இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு விளக்கம் தந்தது. குளுக்கோசு பீற்றா கலத்துக்குள் நுழைந்ததும் சிறிதளவு பரவொட்சைட்டு உருவாகிறது. இன்சுலினை வெளிவிடச் சொல்லும் சமிக்ஞைகளில் அதுவும் ஒன்று. கற்றலேசு மிகுந்திருந்தால் அந்தச் சமிக்ஞை பிறந்த இடத்திலேயே அணைந்துவிடும். சீனியின் சிறு ஏற்ற இறக்கத்தையும் உணர வேண்டிய கலம் அந்த நுண்ணுணர்வுக்காகத் தன் காவலைத் தளர்த்தி வைத்திருக்கிறது. உண்ட பின் சற்றே ஏறி இறங்கும் சீனிக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். ஆண்டுக்கணக்கில் இறங்காமல் நிற்கும் சீனிக்கு அது ஈடுகொடுக்காது.

சீனி மிகும்போது

நியூயோர்க்கில் மைக்கல் பிரவுன்லீயின் குழுவினர் 2000இலும் 2001இலும் வெளியிட்ட ஆய்வுகள் நீரிழிவுச் சிக்கல்களைப் பற்றிய சிந்தனையை மாற்றின. இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்கள் தமக்குள் நுழையும் குளுக்கோசைக் கட்டுப்படுத்த முடியாதவை. சீனி மிகுந்தால் அவற்றின் இழைமணிகள் சுப்பரொட்சைட்டைக் கூடுதலாக வெளியிடுகின்றன. அது குளுக்கோசை எரிக்கும் பாதையில் ஒரு நொதியத்தை முடக்க, தேங்கிய பொருள்கள் பக்கப் பாதைகளுக்குத் திரும்பி, கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும் மாற்றங்களைத் தொடக்கி வைக்கின்றன. ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் மங்கனீசு டிஸ்மியூற்றேசைப் பெருக்கியபோது இந்த மாற்றங்கள் ஒடுங்கின. நொதியத்தின் காவல் திறனுக்கு இதைவிடத் தெளிவான ஆய்வுகூடச் சான்று குறைவு.

நோய் இன்னொரு வழியிலும் காவலைத் தாக்குகிறது. மிகுந்த குளுக்கோசு புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. செப்பு–நாக டிஸ்மியூற்றேசும் ஒரு புரதமே. சீனி ஒட்டினால் அதன் செயல்திறன் குறைவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1987இல் காட்டினர். மிகுதிக் குளுக்கோசு சோபிற்றோலாக மாறும்போது, குளூட்டாதையோனை மீட்கத் தேவையான தாழ்த்து சக்தியும் செலவாகிறது. தாக்கும் படை பெருகும் அதே நேரத்தில் காக்கும் படை மெலிகிறது. நோயின் தொடக்க ஆண்டுகளில் சீனியைக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அதன் பலன் பத்தாண்டுகள் கழிந்தும் தொடர்ந்ததைப் பிரித்தானிய நீரிழிவு ஆய்வின் 2008ஆம் ஆண்டுத் தொடர்பார்வை காட்டியது. ஆரம்பத்தில் நேரும் இந்த ஒட்சியேற்றச் சேதம் கலங்களில் நீடிப்பதும் அதற்கொரு காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மனிதரிடம் கண்ட சான்றுகள்

சுண்டெலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? இயற்கையே நடத்திய ஒரு சோதனை இங்கே உதவுகிறது. ஜப்பானியக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ஷிகியோ தக்காகரா 1940களின் பிற்பாதியில் ஒரு சிறுமியின் வாய்ப்புண்ணில் பரவொட்சைட்டை ஊற்றினார். நுரை எழவில்லை, இரத்தம் கறுத்தது. பரம்பரையாகக் கற்றலேசு இல்லாதிருக்கும் நிலை இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பல பத்தாண்டுகளின் பின் ஹங்கேரியில் லாஸ்லோ கோத் இத்தகைய குடும்பங்களைத் தேடிப் பின்தொடர்ந்தார். கற்றலேசு குறைந்தவர்களிடம், அதே குடும்பத்தில் குறைபாடு இல்லாத உறவினரைவிட நீரிழிவு அதிகம் காணப்பட்டதாக 2000இல் அவர் வெளியிட்ட கட்டுரை கூறியது. குடும்பங்களின் எண்ணிக்கை சிறியது. ஆயினும் ஒரு நொதியத்தின் குறைவு மனிதரில் நீரிழிவோடு சேர்ந்து வருவதை அது நேரடியாகக் காட்டியது.

சென்னையில் வி. மோகன் தலைமையிலான நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் மு. பாலசுப்பிரமணியம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறொரு அடையாளத்தை அளந்தனர். நிறமூர்த்தங்களின் நுனியில் உள்ள தெலோமியர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் குறுகியிருப்பதை 2005இல் அவர்கள் காட்டினர். ஒட்சியேற்ற அழுத்தம் தெலோமியரைத் தேய்க்கும் காரணிகளில் ஒன்று. நம்மோடு உணவிலும் உடலமைப்பிலும் ஒத்த மக்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இது நமக்கு முக்கியமானது.

நோயாளரின் இரத்தத்தில் நொதியங்களை அளந்த ஆய்வுகள் உலகெங்கும் ஏராளம். அவற்றின் முடிவுகள் ஒருமுகமாக இல்லை. டிஸ்மியூற்றேசு குறைந்திருப்பதாகச் சிலர் கூற, கூடியிருப்பதாக வேறு சிலர் கூறுகின்றனர். செங்குருதிக் கலத்தில் அளந்ததா, திரவவிழையத்தில் அளந்ததா என்பதைப் பொறுத்தும், நோய் எத்தனை ஆண்டு பழையது என்பதைப் பொறுத்தும் விடை மாறுகிறது. தாக்குதல் தொடங்கும்போது உடல் நொதிய உற்பத்தியைக் கூட்டி ஈடுகொடுக்க முயல்வதும், நாள்பட்டபின் அது தளர்வதும் இயல்பு. ஆதலால் ஒருமுறை அளந்த நொதிய அளவை வைத்து ஒருவரின் நோய் நிலையைத் தீர்மானிக்க முடியாது. ‘ஒட்சியேற்ற எதிரிப் பரிசோதனை’ என்று தனியார் ஆய்வுகூடங்கள் கேட்கும் பணத்தைச் சாதாரண இரத்தச் சீனிப் பரிசோதனைக்குச் செலவிடுவது நல்லது.

நொதியக் குறைபாடு ஒன்று நம் பகுதியில் நடைமுறைக் கவனத்துக்கு உரியது. தாழ்த்து சக்தியை வழங்கும் குளுக்கோசு-6-பொசுபேற்று டிஐதரசனேசு குறைந்திருப்பது, மலேரியா நெடுங்காலம் நிலைத்த நாடுகளில் பரம்பரையாகக் காணப்படும். இலங்கையின் உலர்வலயம் தலைமுறைகளாக மலேரியாவோடு வாழ்ந்தது. 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. இக்குறைபாடு உள்ளவர்களின் செங்குருதிக் கலங்கள் விரைவில் அழியக்கூடும் என்பதால், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டலாம். இரத்தச் சோகை வகைகள் சிலவற்றிலும் இப்படி நேரும். வெறும் வயிற்றுச் சீனியும் எச்பிஏ1சியும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபோது வைத்தியரிடம் இதைக் கேட்பது தவறல்ல.

காவல் மிகுந்தால்

நொதியங்கள் குறைந்தால் தீங்கு என்றால், கூட்டினால் நன்மை வர வேண்டும். ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தால் சுண்டெலிகளில் இதைச் சோதித்தனர். பீற்றா கலங்களில் செப்பு–நாக டிஸ்மியூற்றேசைப் பெருக்கியபோது அவை அலொக்சனின் தாக்குதலைத் தாங்கின. கற்றலேசைப் பெருக்கியபோதும் இரசாயனத் தாக்குதலிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. பருத்த நீரிழிவுச் சுண்டெலிகளின் பீற்றா கலங்களில் குளூட்டாதையோன் பரவொட்சிடேசைப் பெருக்கியது அக்கலங்களின் தேய்வைத் தடுத்தது.

பின் எதிர்பாராத முடிவுகள் வந்தன. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் குளூட்டாதையோன் பரவொட்சிடேசை உடல் முழுவதும் பெருக்கிய சுண்டெலிகள் பருத்து, இன்சுலினுக்குச் செவிசாய்க்காத நிலையை அடைந்ததை 2004இல் வெளியான கட்டுரை காட்டியது. இன்சுலின் தன் கட்டளையைக் கலத்துக்குள் கடத்தவும் சிறிதளவு பரவொட்சைட்டு தேவை. அதை முழுதாகத் துடைத்தெடுத்தால் கட்டளை போய்ச் சேர்வதில்லை. தன் உடலையே தாக்கும் முதலாம் வகை நீரிழிவுக்கு ஆளாகும் சுண்டெலிகளில் கற்றலேசைப் பெருக்கியபோது நோய் விரைந்து வந்ததை 2006இல் மற்றொரு குழு கண்டது. இந்த முடிவுகள் பாதுகாப்புக் கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை. எந்த உறுப்பில், எந்த அளவில், எந்த வேளையில் என்பதே காவலின் பலனைத் தீர்மானிக்கிறது என்பதை உறுதியாகச் சொல்கின்றன.

குளிசைகள் ஏன் தோற்றன

மனிதரில் நொதியத்தை நேரே பெருக்கும் வழி இல்லை. நொதியம் ஒரு புரதம்; வாயால் உட்கொண்டால் இரைப்பையும் குடலும் அதை மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். ஆகவே விற்றமின்களும் தாதுக்களும் பரிசோதிக்கப்பட்டன. அமெரிக்க ஆண் வைத்தியர்களுக்குப் பீற்றா கரோட்டீன் 12 ஆண்டுகள் கொடுத்தும் நீரிழிவு குறையவில்லை என்று 1999இல் வெளியாயிற்று. 2000இல் முடிவுகள் வெளிவந்த ஹோப் என்ற பன்னாட்டுப் பரிசோதனையில் விற்றமின் ஈ நீரிழிவு நோயாளரின் இதயத்தையோ சிறுநீரகத்தையோ காக்கவில்லை. இதய நோய் ஆபத்துள்ள பெண்களுக்கு விற்றமின் சீ, ஈ, பீற்றா கரோட்டீன் மூன்றையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் அதே விடையைத் தந்தது.

செலெனியத்தின் கதை எச்சரிக்கையானது. குளூட்டாதையோன் பரவொட்சிடேசுக்கு அது தேவை என்பதால் கூடுதலாகக் கொடுத்தால் நன்மை வரும் என எண்ணப்பட்டது. அமெரிக்காவில் நீரிழிவு இல்லாத 1,202 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 200 மைக்கிரோகிராம் செலெனியமும், மறுபகுதியினருக்கு வெறும் குளிசையும் கொடுக்கப்பட்டன. சராசரியாக 7.7 ஆண்டுகளின் பின் செலெனியம் எடுத்தவர்களில் 58 பேருக்கும் எடுக்காதவர்களில் 39 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இரத்தத்தில் ஏற்கெனவே செலெனியம் நிறைந்திருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர். 2007இல் வெளியான இந்த முடிவு, கோர்னெல் சுண்டெலிகளில் கண்டதை நினைவூட்டியது.

ஜேர்மனியில் மைக்கல் ரிஸ்ரோ 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. இளைஞர்கள் நான்கு வாரங்கள் உடற்பயிற்சி செய்தனர். பாதிப்பேர் விற்றமின் சீயும் ஈயும் எடுத்தனர். எடுக்காதவர்களின் உடல் இன்சுலினுக்கு மேலும் நன்றாகச் செவிசாய்த்தது. அவர்களின் தசைகளில் டிஸ்மியூற்றேசும் குளூட்டாதையோன் பரவொட்சிடேசும் கூடின. எடுத்தவர்களில் இந்த இரு நன்மைகளும் தடைப்பட்டன. உழைக்கும் தசையில் எழும் சிறு ஒட்சியேற்றமே காவல் நொதியங்களை எழுப்பும் அழைப்பு. விற்றமின் குளிசை அந்த அழைப்பை அடக்கிவிட்டது.

நொதியங்களின் பரம்பரையலகுகளை ஒருசேர இயக்கும் என்ஆர்எப்2 என்ற புரதத்தைத் தூண்டும் மருந்தும் சோதிக்கப்பட்டது. பார்டொக்சலோன் எனும் அம்மருந்து நீரிழிவால் சிறுநீரகம் கெட்ட 2,185 பேரில் பரிசோதிக்கப்பட்டபோது இதயச் செயலிழப்புக் கூடியதால் 2012இல் ஆய்வு இடைநிறுத்தப்பட்டது.

நம்பிக்கை தரும் சில முடிவுகளும் உண்டு. அமெரிக்காவில் றாஜகோபால் சேகர் 2011இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், சீனி கட்டுப்படாத நோயாளரிடம் குளூட்டாதையோன் உற்பத்தி குறைந்திருந்தது. சிஸ்டெயின், கிளைசீன் என்ற அமினோ அமிலங்களைக் கொடுத்ததும் அது மீண்டது. நரம்பு எரிவுக்கு லிப்போயிக் அமிலம் சில நோயாளருக்கு ஆறுதல் தருகிறது. இவை சிகிச்சைக்குத் துணையாகலாம். நோயைத் தடுக்கும் குளிசை என்று எதையும் இன்றுவரை சொல்ல இயலாது.

இலைகளும் காய்களும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இத்துறையின் பெரும்பகுதி மூலிகை ஆய்வே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எல். பாரியும் எம். லதாவும் ஆவாரம்பூ முதலியவற்றை நீரிழிவு எலிகளுக்குக் கொடுத்து, சீனி குறைவதையும் ஒட்சியேற்றச் சேதம் தணிவதையும் பதிவு செய்தனர். காலியில் உறுகுணைப் பல்கலைக்கழகத்தின் அனோஜா ஆட்டநாயக்க குழுவினர் கொவ்வை உள்ளிட்ட இலங்கை மூலிகைகளை இதே வழியில் ஆய்ந்தனர். எலிகளில் கிடைத்த முடிவுகள் பொதுவாக நல்லவை. ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. எந்தப் பொருள் சீனியைக் குறைத்தாலும் நொதியங்கள் தாமாகவே மீளும். இன்சுலின் ஏற்றினாலும் மீளும். மூலிகை நொதியத்தைத் தூண்டிச் சீனியைக் குறைத்ததா, சீனியைக் குறைத்ததால் நொதியம் மீண்டதா என்பதை இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிரித்துக் காட்டவில்லை.

மனிதரில் நடந்த ஆய்வுகள் சிலவே. இலங்கையில் வெலிஹிந்த, கருணாநாயக்க முதலியோர் பாகற்காய்ச் சாறு சில நோயாளரின் குளுக்கோசுத் தாங்குதிறனை மேம்படுத்தியதை 1986இல் எழுதினர். 2011இல் வெளியான மற்றோர் இலங்கை ஆய்வு, 20 கிராம் கொவ்வை இலையைத் தேங்காய்ப் பூவும் உப்பும் சேர்த்து நலமுள்ள 61 பேரில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்து, உணவுக்குப் பின் ஏறும் சீனி குறைந்ததைக் காட்டியது. நம் வீட்டுச் சமையலுக்கு இத்தனை நெருக்கமான பரிசோதனை அரிது. இலைக்கறி உண்பதற்கு இவை நல்ல ஆதரவு. குளிசையை நிறுத்துவதற்கு அல்ல.

இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்ற நம்பிக்கை உயிரை வாங்கும். காமரங்கா எனப்படும் நட்சத்திரப் பழத்தின் சாற்றைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானதை இலங்கை வைத்தியர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்துள்ளனர். அப்பழத்திலும் ஒட்சியேற்ற எதிரிகள் நிறைய உண்டு; அதில் மிகுந்துள்ள ஒட்சலேற்றுதான் சிறுநீரகத்தில் படிந்து கேட்டைச் செய்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் ஏற்கெனவே மெலிந்தவர் இத்தகைய சாறுகளை நெருங்கக்கூடாது.

படுவான்கரையின் சோறும் உழைப்பும்

நொதியங்களுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் நம் கரையில் ஏற்கெனவே கிடைக்கின்றன. தீட்டாத சிவப்பரிசியின் தவிட்டிலும் கச்சானிலும் மங்கனீசு உண்டு. வாவி நண்டும் இறாலும் நாகமும் செப்பும் தருகின்றன. மீனில் செலெனியம் இருக்கிறது. குளூட்டாதையோன் செய்யத் தேவையான புரதமும் இருக்கிறது. தயிரும் முட்டையும் கீரையும் றைபோபிளேவினைத் தருகின்றன. முருங்கையிலைச் சுண்டலும் பொன்னாங்காணியும் வல்லாரையும் எந்தப் போத்தலையும்விட மலிவானவை, பாதுகாப்பானவை. வழக்கமான உணவிலிருந்து இவை கிடைக்கும் அளவு உடலுக்குப் போதும். செலெனிய ஆய்வு காட்டிய ஆபத்து அளவு மீறிய குளிசையில்தான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 21 நாடுகளில் 1,30,000க்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான பியூர் ஆய்வில், நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு உண்ட தெற்காசியருக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவர்களைவிட நீரிழிவு ஆபத்து 61 வீதம் கூடியிருந்தது. சிவப்பரிசி விளையும் மண்ணில் தீட்டிய வெள்ளையரிசி கோப்பையை நிறைக்கிறது. அறுவடையும் சூடடிப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்டன. தோணியில் வலித்துப் போன தூரத்தை மோட்டார் சைக்கிள் கடக்கிறது. சோற்றின் அளவு மட்டும் உழைத்த காலத்து அளவாகவே நிற்கிறது. எரிக்கப்படாத குளுக்கோசு கலங்களில் ஒட்சியேற்றச் சுமையாகிறது. தசையை எழுப்பி நொதியங்களைப் பெருக்கிய உழைப்பும் இல்லை.

இந்தச் சுமையைக் குறைப்பதால் கிடைக்கும் பலனுக்குச் சான்று உறுதியானது. சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர் நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டுகளில் தனித் தலையீடு எதுவும் பெறாத குழுவினரில் 55 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் திருத்தியவர்களில் 39.3 வீதத்தினருக்கே வந்தது. மெற்போமின் என்ற நீரிழிவுக் குளிசை தந்த பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நோயை 58 வீதம் குறைத்தது. ஒட்சியேற்ற எதிரிக் குளிசை எதுவும் இந்த எண்ணுக்கு அருகில்கூட வந்ததில்லை.

முடிவுரை

ஒட்சியேற்ற எதிரி நொதியங்கள் நீரிழிவிலிருந்து நம்மைக் காக்கின்றன என்பதில் ஐயமில்லை. அவை குறைந்தால் பீற்றா கலம் எளிதில் மடியும். இரத்தக் குழாய்கள் கெடும். அதே நொதியங்களை மட்டுமீறிப் பெருக்கினால் இன்சுலினின் கட்டளை தடைப்படும். ஆகவே இந்தக் காவலை உடலே தன் அளவறிந்து நடத்த விட வேண்டும். நாம் செய்யக்கூடியது இரண்டு: தாக்கும் சுமையைக் குறைப்பது, காவலை எழுப்பும் உழைப்பை மீட்பது. சோற்றைக் குறைத்து இலைக்கறியையும் மீனையும் கூட்டுவதும், நாளுக்கு அரைமணி நேரம் விரைந்து நடப்பதும், புகைத்தலைக் கைவிடுவதும், எழுதித் தந்த மருந்தை ஒழுங்காக எடுப்பதும் நொதியங்களுக்குச் செய்யும் நேரடியான உதவி.

நம் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையும், திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவத் துறையும் சேர்ந்து, படுவான்கரை மக்களின் உணவையும் உழைப்பையும் இரத்தச் சீனியையும் நொதிய நிலையையும் பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். எலிகளில் நூறு மூலிகைகளைச் சோதித்தாயிற்று. சிவப்பரிசியும் கொவ்வைச் சுண்டலும் உண்ணும் மனிதரிடம் முறையான பரிசோதனை நடத்தும் நேரம் இது. 2005இல் போர் நம்மைக் கணக்கிலிருந்து விலக்கியது. இனி விலகி நிற்க நமக்குக் காரணம் எதுவும் இல்லை.

வாசகரிடம் கேட்பது இதுவே: 35 வயதைக் கடந்தவரா, பெற்றோரில் ஒருவருக்குச் சீனி வருத்தம் உண்டா, இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்றிமீற்றரையோ பெண்ணுக்கு 80 சென்றிமீற்றரையோ தாண்டியதா? அப்படியானால் விற்றமின் போத்தலுக்குக் காசு கொடுக்குமுன், அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு ஒரு காலைப்பொழுதில் வெறும் வயிற்றோடு போய் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை.